அப்பா, இதுல நம்ம ஆளு யாருமே இல்லையா?

போன மாதம் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம். அதிகம் பேர் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு பிரிட்டிஷ் இசைக்குழுவின் ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் கவனிக்கப்படாமல் போனது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். வாத்தியார் மாதிரிக்கு ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார். ஸாம்பீஸ் குழுவின் 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்', கிங்க்ஸ் குழுவின் 'வில்லேஜ் கிரீன்'... இரண்டும் 1968. வந்த புதிதில் விற்காமல் கிடந்தவை. ஆனால் என்னைக் கேட்டால், இவையெல்லாம் "கவனிக்கப்படாதவை" என்ற பெயரிலேயே இப்போது நன்றாகக் கவனிக்கப்பட்டு விட்டன. எந்தப் பத்திரிகை நூறு சிறந்த ஆல்பங்கள் என்று பட்டியல் போட்டாலும் முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும்.

மகள் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இதுல நம்ம ஆளு யாருமே இல்லையா?"

மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ. என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும்) என்றேன். "அவங்க தனி ஆளுப்பா, குழு இல்ல. அதோட அவங்கள எல்லாருக்கும் தெரியுமே" என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டாள்.

அப்போதுதான் பரணில் கிடந்த ஒரு எல்பி ரெக்கார்டு ஞாபகம் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் இங்கே பர்மிங்காமில் ஒரு சாரிட்டி ஷாப்பில் ஒரு பவுண்டுக்கு வாங்கியது. அட்டையில் சித்தார் என்ற வார்த்தையைப் பார்த்து வாங்கினேன், ஒருமுறை கேட்டேன், என்ன இது இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் என்று மேலே ஏற்றிவிட்டேன். பெயர் 'இந்தோ-ஜாஸ் ஃப்யூஷன்ஸ்'. 1967-ல் வந்தது. ஜோ ஹாரியட், ஜான் மேயர் இருவரின் 'டபுள் குவின்டெட்', அதாவது ஐந்தும் ஐந்தும் பத்துப் பேர்.

அந்த ஜான் மேயரின் அம்மா தமிழ்ப் பெண் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

கதைக்குப் போவதற்கு முன் என் ஊரைப் பற்றி இரண்டு வரி. காரணம் இருக்கிறது. என் ஊர் கோட்டுகால். நெய்யாற்றின்கரை தாலுகாவில், பாலராமபுரத்துக்கும் கடலுக்கும் நடுவே. பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, அதோடு தமிழ்நாடு ஆரம்பம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் வீட்டில் தமிழ், ரோட்டில் இறங்கினால் மலையாளம். திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போனால் "மலையாளத்தான் வந்துட்டான்" என்பார்கள். திருவனந்தபுரத்தில் காலேஜில் "பாண்டி". ரேஷன் கார்டில் எங்கள் பெயரையே மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். இரண்டு கட்சியும் தன் ஆள் இல்லை என்று சொல்வது எப்படி இருக்கும் என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. அதனால்தானோ என்னவோ இந்த ரெக்கார்டின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

சரி, கதைக்கு வருவோம்.

ஜான் மேயர் 1930-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா ஆங்கிலோ-இந்தியர், அம்மா தமிழர். வசதி இல்லாத குடும்பம். சின்ன வயதிலேயே வயலின். மேற்கத்திய வயலினும் படித்தார், இந்திய சங்கீதமும் படித்தார். பம்பாயில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் மெஹ்லி மேத்தா. சுபின் மேத்தாவின் அப்பா என்றால் எல்லாருக்கும் புரியும். 1952-ல் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படிக்க உதவித்தொகை கிடைத்துக் கப்பலேறினார். அங்கே ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய மாத்யாஷ் ஷைபரிடம் இசையமைப்பு படித்தார். பிறகு வயிற்றுப்பாட்டுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வேலை. 1953 முதல் 1958 வரை லண்டன் ஃபில்ஹார்மோனிக், அதன்பின் 1965 வரை ராயல் ஃபில்ஹார்மோனிக். வயலின் வரிசையில் ஒருவராக உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதை வாசிக்கிற உத்தியோகம். பகலில் கம்பெனி வேலை, ராத்திரியில் சொந்த எழுத்து என்று இருக்கிற நம்மில் பலருக்கு இந்த வாழ்க்கை நன்றாகவே புரியும்.

1964-ல் ஒரு திருப்பம். டெனிஸ் பிரஸ்டன் என்ற தயாரிப்பாளர், லண்டன் லான்ஸ்டவுன் ஸ்டூடியோக்காரர், ஒரு ரெக்கார்டில் மிச்சமிருந்த இடத்தை நிரப்ப "ஜாஸ் மாதிரி ஏதாவது சின்னதாக எழுதி வைத்திருக்கிறாயா?" என்று மேயரிடம் கேட்டார். இருக்கிறதே என்றார் மேயர். உண்மையில் கையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதி மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். இது மேயரே சொன்ன கதை. (இன்டர்வியூவில் "ஜாவா தெரியுமா?" என்று கேட்டபோது தெரியும் என்று சொல்லிவிட்டு ராத்திரி புத்தகம் வாங்கியவர்கள் கை தூக்கவும். நான் தூக்கிவிட்டேன்!)

அந்தத் துண்டு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் முதலாளி அஹ்மத் எர்டிகன் காதுக்குப் போனது. இந்திய சங்கீதத்தையும் ஜாஸையும் சேர்த்து ஒரு முழு ஆல்பமே போடலாமே, ஜாஸ் பக்கத்துக்கு ஜோ ஹாரியட்டின் குழுவைப் பிடிக்கலாமே என்று யோசனை வந்தது. 1965-ல் பதிவு செய்து 1966-ல் 'இந்தோ-ஜாஸ் சூட்' வெளிவந்தது. பீட்டில்ஸ் பாட்டில் முதன்முதலாக சித்தார் கேட்டது 1965 டிசம்பரில் வந்த 'ரப்பர் சோல்' ஆல்பத்தில். ஆகவே பீட்டில்ஸைப் பார்த்து இவர்கள் கிளம்பினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பீட்டில்ஸுக்கு அன்று சித்தார் ஒரு பாட்டுக்கு ஒரு புது வாத்தியம். மேயர் ராகத்தை வைத்தே முழு ஆல்பமும் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த ஜோ ஹாரியட் யார் என்று பார்த்தால் அது தனிக்கதை. 1928-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்ற ஆதரவற்ற பிள்ளைகள் பள்ளியில் வளர்ந்து அங்கேயே வாத்தியம் படித்தவர். 1951-ல் இங்கிலாந்து வந்தார். ஆல்டோ சாக்ஸபோன். 'ஃப்ரீ ஃபார்ம்', 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்று 60களின் தொடக்கத்தில் அவர் போட்ட ஆல்பங்கள், தாளக்கட்டும் சுருதிக்கட்டும் இல்லாமல் கேட்டுக்கேட்டு வாசிக்கிற சங்கதி. அமெரிக்க ஜாஸ் பத்திரிகை 'டவுன் பீட்' ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. லண்டனில் டிக்கெட் விற்கவில்லை.

பத்துப் பேரின் பட்டியலைப் பாருங்கள். ட்ரம்பெட் வாசித்த ஷேக் கீன் கரீபியனில் செயின்ட் வின்சென்ட் தீவுக்காரர். கென்னி வீலர் கனடாக்காரர். பியானோ பாட் ஸ்மைத், ஸ்காட்லாந்து. சித்தார் திவான் மோதிஹார், தபலா கேசவ் சாத்தே. முதல் ஆல்பத்தில் பேஸ் வாசித்த ரிக் லெய்ர்ட் டப்ளினில் பிறந்தவர். அடுத்ததில் பேஸ் வாசித்த கோலரிட்ஜ் குட் ஜமைக்காவிலிருந்து கிளாஸ்கோவுக்கு எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படிக்க வந்தவர்! படிக்க வந்தவர் ஜாஸில் விழுந்து, கடைசி வரை அதிலேயே இருந்து, 2015-ல் நூறு வயதில் காலமானார். வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் எஞ்சினியரிங்கை விட்டிருந்தால் எங்கள் அப்பா கோட்டுகாலிலிருந்து நடந்தே வந்திருப்பார்.

இப்படியாக, "பிரிட்டிஷ் குழு" என்று அட்டையைத் திருப்பினால் பாதிப்பேர் நம்மைப்போல வந்து குடியேறியவர்கள்.

இசை எப்படி? மகளுக்காக மறுபடி தட்டைச் சுழல விட்டு, மற்ற ஆல்பங்களையும் இணையத்தில் தேடிப்பிடித்து, ஒரு வாரம் ராத்திரி ராத்திரி கேட்டேன். 'சூட்'டில் நாலே உருப்படி. அதில் ஒன்று மேக ராகம். இந்துஸ்தானி மேகத்தின் சுரங்கள் நம்முடைய மத்யமாவதியோடு ஒத்துப்போகும். கச்சேரி முடிவில் மங்களம் பாடுகிற ராகம், நமக்குக் காதில் ஊறியது. அதை ஜமைக்காக்காரர் சாக்ஸபோனில் எடுக்கிறார். ராக சுரத்துக்குள்ளேயே நின்று கற்பனை செய்யப் பார்க்கிறார், ஆனால் மூச்சும் அழுத்தமும் முழுக்க அவருடையது. கமகம் கிடையாது. அந்த இடத்தில் வேறொரு வலி இருக்கிறது.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. பல இடங்களில் தையல் தெரிகிறது. எழுதி வைத்த பகுதி ஒரு பக்கம், ஜாஸ்காரர்களின் தனி வாசிப்பு ஒரு பக்கம், தபலா ஓய்ந்தால் டிரம்ஸ், டிரம்ஸ் ஓய்ந்தால் தபலா என்று, கல்யாண வீட்டில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முதல் நாள் பேசுகிற மாதிரி மரியாதையாகப் போகிறது. 'ஃப்யூஷன்ஸ்'-க்கு வரும்போது கொஞ்சம் நெருங்கிவிட்டார்கள். 'முல்தானி' என்ற உருப்படியைக் கேட்டுப் பாருங்கள். நம் சுபபந்துவராளி சுரங்கள்தான். கீனின் ட்ரம்பெட் வருகிற இடத்தில் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டது போல இருக்கும். 1968-ல் இரண்டாம் பாகமும் வந்தது.

ஒரு ராத்திரி ஜன்னல் திறந்திருந்தது. 'அக்கா ராகா' என்ற சின்ன உருப்படி ஓடிக்கொண்டிருந்தது. (இது நம் அக்காதானா என்று மகள் கேட்டாள். சிரித்து வைத்தேன்.) மறுநாள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவர், எண்பதைத் தொட்டவர், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "நேற்று நீங்கள் போட்டது பழைய டிவி குவிஸ் நிகழ்ச்சி மியூசிக்தானே?" என்கிறார். ஆமாம். பிபிசியில் 'ஆஸ்க் தி ஃபேமிலி' என்று குடும்பம் குடும்பமாகப் போட்டி போடும் நிகழ்ச்சி. அதன் முகப்பு இசையாக இதைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு தலைமுறை ஆங்கிலேயர்கள் டீ குடித்துக்கொண்டே இந்த சித்தாரைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். யாருடையது என்று பெரியவருக்குத் தெரியவில்லை. "ரவி சங்கர் இல்லையா?" என்றார்.

ஏன் மறந்து போனது என்பதுதானே வீட்டுப்பாடக் கேள்வி. என் கணக்கு இது. ஜாஸ் ரசிகர்கள் இது ஜாஸ் இல்லை என்றார்கள். சங்கீதக்காரர்களுக்கு இது சங்கீதம் இல்லை. கடைக்காரருக்கு எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாது. 1967-க்கு அப்புறம் சித்தார் என்றாலே ஊதுபத்தி, பூப்போட்ட சட்டை என்று ஒரு மோகம் வந்து, அது போனபோது இதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்றும் உண்டு. நம் ஆட்களும் தேடவில்லை. மேயர் என்ற பெயரைப் பார்த்து யார் தமிழைத் தேடுவார்கள்? பெயர் அப்பா வழியில் வருகிறது. அம்மாவின் மொழி வாழ்க்கைக் குறிப்பின் முதல் பத்தியில் அரைவரியாக நின்றுவிடுகிறது. என் மகளின் பிள்ளைகள் காலத்தில் எங்கள் கதையும் அந்த அரைவரிக்கு வந்து நிற்குமோ என்று ராத்திரி ஒரு மணிக்குத் தோன்றியது. தட்டை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஹாரியட்டின் முடிவு நல்லபடியாக இல்லை. கடைசி வருஷங்களில் கையில் காசில்லாமல், ஊர் ஊராகக் கிடைத்த குழுவோடு வாசித்து, 1973 ஜனவரியில் சவுத்தாம்ப்டனில் புற்றுநோயால் இறந்தார். வயது 44.

மேயர் ஓடிக்கொண்டே இருந்தார். 1977-ல் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு 'வொர்க்ஸ்' என்று ஒரு இரட்டை ஆல்பம் போட்டது. விற்பனையில் குறைவில்லை. ஆனால் அதன் முதல் பக்கம் முழுக்க இருக்கும் கீத் எமர்சனின் பியானோ கான்செர்ட்டோவை ராக் ரசிகர்கள் தாண்டிவிட்டுப் போனார்கள், கிளாசிக்கல்காரர்கள் கண்டுகொள்ளவே இல்லை. ஊசியைத் தூக்கி அடுத்த பக்கம் வைத்தவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். அதற்கு எமர்சனோடு சேர்ந்து ஆர்க்கெஸ்ட்ரா அமைப்பு எழுதியதும், நின்று நடத்தியதும் ஜான் மேயர். வாசித்தது லண்டன் ஃபில்ஹார்மோனிக். ஒரு காலத்தில் இவர் வயலின் வரிசையில் உட்கார்ந்திருந்த அதே ஆர்க்கெஸ்ட்ரா. இந்தத் தகவலைப் படித்த அன்று நான் எழுந்து நின்று ஒரு விசில் அடித்தேன். மனைவி மேலேயிருந்து "என்னாச்சு?" என்றாள்.

ரிக் லெய்ர்டை மேலே சொன்னேனே, அவர் பிறகு யார்க்ஷயர்காரரான ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். 1973-ல் அந்தக் குழு உடைந்தபின் மெக்லாஃப்லின் மின்சார கிடாரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்ததுதான் 'சக்தி'. இதை பிரிட்டிஷ் குழு என்று சொல்வது கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதுதான், தலைவர் ஒருவரே பிரிட்டிஷ். ஆனால் தமிழ்க் கணக்கு இங்கே பலமாக இருக்கிறது. வயலின் எல். சங்கர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவர் அப்பா வி. லட்சுமிநாராயணா அங்கே சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. கடம் விக்கு விநாயக்ராம். தபலா ஜாகிர் உசேன். மெக்லாஃப்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை படித்தது யாரிடம் தெரியுமா? சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம். கிடாரின் தந்திகளுக்குக் குறுக்காக ஏழு சுருதித் தந்திகளைப் போட்டு, விரல் பலகையைக் குழித்து, தந்தியை வீணை மாதிரி இழுக்க வசதி செய்துகொண்டார்.

மேயரின் குழுவில் தெரிந்த தையல் இங்கே தெரியாது. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' 1976-ல் லண்டனில் பதிவானது. அதைக் கேட்டபின் 'சூட்'டைக் கேட்டால் முன்னது பள்ளிக்கூட நாடகம் போலத் தோன்றலாம். ஆனால் முதலில் காட்டில் தடம் போட்டவனுக்குத்தானே முள் குத்தும். மகாவிஷ்ணுவின் இடிமுழக்கத்தை எதிர்பார்த்து வந்த ரசிகர்கள் தரையில் சம்மணமிட்ட நாலு பேரைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள். 1977-ல் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்', அதோடு அந்தக் குழு கலைந்தது. பெயர் மட்டும் சாகவில்லை. 2023-ல் வந்த 'திஸ் மொமென்ட்' 2024-ல் கிராமி வாங்கியது, அதில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

மேயர் விஷயத்தில் எனக்கு உறுத்துகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் 1989-லிருந்து பர்மிங்காம் கன்சர்வட்டோயரில் கற்பித்தார். 1997-ல் அங்கே இந்திய சங்கீதத்துக்குத் தனிப் பட்டப்படிப்பே கொண்டுவந்தார். 1995-ல் இந்தோ-ஜாஸ் ஃப்யூஷன்ஸைத் திரும்பவும் கூட்டினார், சித்தார் வாசித்தது மகன் ஜொனாதன். நான் இந்த ஊருக்கு வந்தது 1999-ல். பழைய கன்சர்வட்டோயர் கட்டடம் (இப்போது இடித்துவிட்டார்கள்) சென்ட்ரல் லைப்ரரியை ஒட்டி இருந்தது. சனிக்கிழமை தோறும் லைப்ரரிக்கு நடந்து போவேன், தமிழ்ப் புத்தகம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க. ஊரில் தமிழ் பேசுகிறவர் யாராவது கிடைக்க மாட்டார்களா என்று ஏங்கிய காலம் அது. மேயருக்குத் தமிழ் பேச வருமோ வராதோ, அது வேறு விஷயம். பக்கத்துக் கட்டடத்தில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரியாமல் ஐந்து வருஷம் அந்தப் படிகளைக் கடந்து போயிருக்கிறேன். 2004 மார்ச்சில் வடக்கு லண்டனில் கார் மோதி இறந்துபோனார். 73 வயது.

மகள் இரண்டு பக்கத்துக்குப் பதிலாக நாலு பக்கம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டபோது, மேக ராகத்தை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து எங்கள் அம்மைக்குப் போட்டுக் காட்டினாள். அம்மை ஒரு நிமிஷம் சத்தமே காட்டவில்லை. பிறகு, "இதென்ன மக்ளே, மத்யமாவதி மாதிரில்லா இருக்கு. அதுக்குள்ள மங்களம் பாடியாச்சா?" என்றாள். யார் வாசிக்கிறார்கள் என்று மகள் தன் உடைந்த தமிழில் விளக்கினாள். "மேயரா? வேதக்காரங்களா?" என்று கேட்டுவிட்டு, "அவனுக்க அம்மை தமிழா! எந்த ஊராம்?" என்று அம்மை ஆரம்பித்தாள். கல்கத்தா என்றால் விடுவாளா? அதற்கு முன்னால் எந்த ஊர், நாகர்கோவில் பக்கமா, திருநெல்வேலிப் பக்கமா என்று பத்து நிமிஷம் விசாரணை.

வாத்தியாருக்கு இந்த ஆல்பத்தைத் தெரிந்திருக்கவில்லை. கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று என் ஒரு பவுண்டு ரெக்கார்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் திரும்பி வரவில்லை.